கல்லும் பேதியும் சேர்ந்து வந்த பூனைக்கு என்ன கொடுப்பது?

எங்கள் கடுவன் கிட்டுவுக்கு மூத்திரப்பையில் கல். போதாததற்கு, எதைத் தின்றாலும் பேதியாகிற வயிறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. பேதியில் நீர் போகப் போக சிறுநீர் கெட்டியாகும். கெட்டியான சிறுநீரில்தான் கல் வளரும்.

முதலில் என்ன கல் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்ட்ரூவைட் என்றால் அதற்கான மருத்துவ உணவிலேயே பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் எந்தத் தீனிக்கும் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வாழைத்தண்டுச் சாறு ஊற்றச் சொன்னார். மனுஷனுக்கு எப்படியோ, பூனைக்கு வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். 4 கிலோ பூனைக்கு உணவும் சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மில்லி போக வேண்டும். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம்தான், பவுச்சில் வரும் ஈர உணவில் 80 வரை இருக்கும். அதனால் பவுச்சே மேல். 85 கிராம் பவுச்சைத் தட்டில் கொட்டி, வெதுவெதுப்பான நீர் இரண்டு ஸ்பூன் விட்டு, முள்கரண்டியால் கஞ்சி பதத்துக்கு மசித்துவிடுவேன். மசிக்காவிட்டால் கிட்டு சாற்றை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே வைத்துவிடுவான். தண்ணீர்க் கிண்ணம் அகலமாக இருக்கட்டும், பூனை மலசலம் கழிக்கும் மண் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

புது உணவுக்கு மாற்றும்போது அவசரம் ஆகாது, பழையதோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சாதாரணப் பூனைக்கு ஒரு வாரம் போதும். வயிறு சரியில்லாததற்கு இரண்டு வாரம் எடுங்கள். மலம் இளகினால் அன்றைய அளவிலேயே நில்லுங்கள், கூட்டாதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் சில பூனைகளுக்கு மலம் கட்டும். பட்டினி மட்டும் போடவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். பேதி நிற்காமல் போனால் டாக்டர் வயிற்றுக்கும் கல்லுக்கும் சேர்த்து வேறு உணவு தேர்ந்தெடுப்பார். நாமாக இரண்டு மருத்துவ உணவைக் கலப்பது வீண். கல்லுக்கான இந்த மருத்துவ உணவுகள் பலவற்றில் தாகம் எடுக்கவே உப்பைக் கூட்டியிருப்பார்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனமான பூனை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு. மாமியார் பாசத்தில் ஒரு நெத்திலிக் கருவாடு நீட்டுவார். அதிலிருக்கும் உப்பும் தாதுக்களும் மருத்துவ உணவின் கணக்கையே கெடுத்துவிடும். பால் பேதியைக் கிளப்பும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு விஷம். வேகவைத்த கோழி ஒன்றிரண்டு நாள் வயிற்றை ஆற்றலாம், அதையே தினசரிச் சாப்பாடாக்கினால் கால்சியம் போதாது.

தினமும் மண் தட்டைப் பாருங்கள். சிறுநீர் பட்டு மண்ணில் உருளும் கட்டிகள் பெரிதாக இருந்தால் சரி. சின்னச் சின்னதாகப் பல கட்டிகளோ ரத்தமோ தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையா? தீனியை எல்லாம் மறந்துவிட்டு, நடுராத்திரியானாலும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.