மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது: வெளியூரில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

லாட்ஜ் வைஃபையில் வந்த மெயிலெல்லாம் ஒழுங்காக இறங்கும். பதில் எழுதி சென்ட் அழுத்தினால் மட்டும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். காரணம் எளிது: மெயில் வருகிற பாதையும் போகிற பாதையும் வேறு வேறு. வருவது ஐமேப் என்ற முறையில், பெரும்பாலும் போர்ட் (சர்வரின் கதவு எண்) 993. போவது எஸ்எம்டிபி என்ற முறையில், அதற்கு சர்வர், போர்ட், செட்டிங் எல்லாமே தனி. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் இதே விஷயங்கள்தான், மெனு மட்டும் மாறும்.

1. முதலில் போன் ஹாட்ஸ்பாட். வைஃபையைத் துண்டித்து, போனின் டேட்டாவில் லேப்டாப்பை இணைத்து அதே மெயிலை அனுப்புங்கள். போய்விட்டால் கோளாறு லாட்ஜ் நெட்வொர்க்கில். போகாவிட்டால் பெரும்பாலும் உங்கள் செட்டிங்கில் அல்லது பாஸ்வேர்டில். இதைச் செய்யாமல் செட்டிங்கைக் குடைய ஆரம்பித்தால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவீர்கள்.

2. போர்ட்டைப் பாருங்கள். அக்கவுன்ட் செட்டிங்ஸ் போய், இடப்பக்கப் பட்டியலின் அடியில் உள்ள அவுட்கோயிங் சர்வரைத் திறந்து எடிட் அழுத்துங்கள். போர்ட் 25 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்பேம் வெளியே போகாமலிருக்க அந்தப் போர்ட்டைப் பல நெட்வொர்க்குகள் மூடி வைத்திருக்கின்றன. போர்ட்டுக்கும், மெயிலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்பு செட்டிங்குக்கும் சரியான ஜோடி இரண்டுதான்:

- 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ்
- 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்

ஜோடியை மாற்றிப் போடாதீர்கள். 465-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வைத்தால், சர்வர் முதலில் பேசட்டும் என்று லேப்டாப் காத்திருக்கும். லேப்டாப் முதலில் பேசட்டும் என்று சர்வர் காத்திருக்கும். கடைசியில் 'டைம் அவுட்' என்று வரும். பார்க்க நெட்வொர்க் கோளாறு போலவே இருப்பதால் பலரும் ஏமாறுவது இங்கேதான்.

வீட்டு இன்டர்நெட் நிறுவனத்தின் எஸ்எம்டிபி சர்வரை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் வரலாம். அப்படிப்பட்ட சர்வர்களில் சில, தங்கள் இணைப்பிலிருந்து வருகிற மெயிலை மட்டுமே ஏற்கும். வெளியூரிலிருந்து அனுப்பினால் 550 அல்லது 554 என்ற எண்ணும் 'ரிலே' என்ற சொல்லும் உள்ள செய்தி வரும். மெயில் கணக்கு யாருடையதோ அவர்களுடைய சர்வரையே போடுங்கள்.

3. கதவு திறந்திருக்கிறதா? போர்ட்டைத் தட்டிப் பார்க்க டெல்நெட் என்ற சின்னக் கருவி போதும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டெல்நெட் கிளையன்ட்டை டிக் செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் டெல்நெட், இடைவெளி, சர்வர் பெயர், இடைவெளி, 587 என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் கதவு திறந்திருக்கிறது. இணைக்க முடியவில்லை என்று வந்தால் பெரும்பாலும் நெட்வொர்க் தடுக்கிறது.

465-ஐச் சோதித்தால் திரை வெறுமையாக நிற்கும். அது தோல்வி அல்ல, இணைப்பு கிடைத்துவிட்டது என்றுதான் பொருள். அந்தப் போர்ட்டில் பூட்டுச் சாவி பரிமாற்றம் முடியாமல் சர்வர் வாய் திறக்காது.

587-இல் 220-க்குப் பிறகு வரிசையாக நட்சத்திரக் குறிகள் வந்தால், நடுவில் ஒரு ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல்காரன்) உங்கள் பேச்சில் கை வைக்கிறது. ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளையையும் அது அழித்துவிடக்கூடும். பாதுகாப்பை 'நன்' (None, எதுவுமில்லை) என்று மாற்றி அனுப்பப் பார்க்காதீர்கள், பாஸ்வேர்டு பூட்டில்லாமல் பச்சையாகப் போகும். 465-க்கு மாறுங்கள். புதுக் கணக்கென்றால் நான் முதலிலேயே 465-தான் போடச் சொல்வேன்.

4. 535 என்ற பிழை எண் வந்தால் பிரச்சினை பாஸ்வேர்டில். ஜிமெயிலில் வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து அனுப்பும் வசதி இப்போது இல்லை. தண்டர்பேர்டில் ஆதென்டிகேஷன் முறையை ஓஆத்2 (கூகுள் பக்கத்தில் உள்நுழைந்து அனுமதி தரும் முறை) என்று வைப்பதே நல்லது. அது முடியாத பழைய மென்பொருளுக்கு, கூகுள் கணக்கில் தனியாக உருவாக்கும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு. கவனம்: பயணத்தின் நடுவில் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். வெளிநாட்டில் ஓடிபி எஸ்எம்எஸ் வராமல் போகலாம். கிளம்பும் முன், ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளையும் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லையா? விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். சில விபிஎன் சேவைகள் எஸ்எம்டிபி போர்ட்டுகளை மூடியிருக்கும். சான்றிதழ் பிழை வந்தால் லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சின்ன மெயில் போய், பெரிய கோப்பு இணைத்த மெயில் மட்டும் நின்றால் அளவுதான் காரணம்: இணைத்த கோப்புகளின் அளவு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆகவே 25 எம்பி வரம்பில் 18 எம்பிக்கு மேல் வைக்காதீர்கள்.