அடையாறு முகத்துவாரத்தில் சத்துமாசு நகரும் வழியைக் கண்டறிவது எப்படி?

சத்துமாசு, அதாவது கழிவுநீரில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும், முழுவதும் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி முகத்துவாரத்துச் சேற்றில் தங்கி, பல மாதங்கள் கழித்தும் மேலிருக்கும் நீருக்குத் திரும்பும் என்பதால், நீரை மட்டும் அளந்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

சென்னையின் அடையாற்றில், கோடையில் ஓட்டம் குறையும்போது அலைகள் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். வாய் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, திரு.வி.க. பாலத்திலிருந்து ஆற்றின் வாயருகே உள்ள ‘உடைந்த பாலம்’ வரை ஐந்தாறு இடங்களில், ஒரே வற்றத்துக்குள் (கடல்நீர் இறங்கும் நேரத்துக்குள்) மாதிரி எடுக்க வேண்டும். கடல்நீர் கனமானது, அடியில் புகுந்து வரும். ஆகவே மேல்நீர், அடிநீர் இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உப்பளவையும் கரைந்த ஆக்சிஜனையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்துப் பனிக்கட்டியில் வையுங்கள்.

பிறகு உப்பளவைக் கிடையிலும், ஆய்வகத்தில் அளந்த பாஸ்பேட்டை (நீரில் கரைந்திருக்கும் பாஸ்பரஸ்) நெடுக்கிலும் வைத்து வரைபடம் போட்டு, ஆற்றுநீர்ப் புள்ளியையும் கடல்நீர்ப் புள்ளியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இடைப்பட்ட புள்ளிகள் கோட்டின்மேல் விழுந்தால் வெறும் கலப்பு. கீழே விழுந்தால் பாசியோ வண்டல்துகளோ எடுத்துக்கொண்டிருக்கிறது. மேலே விழுந்தால் வழியில் எங்கோ சேர்ந்திருக்கிறது. அது சேற்றிலிருந்து வந்தது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. கரையில் திறக்கும் கழிவுநீர்க் கால்வாய்களை முதலில் நடந்து பார்த்துக் குறித்துவையுங்கள்.

சேற்றுக்கு, இரு முனையும் திறந்த தெளிவான பிளாஸ்டிக் குழாயை வற்றத்தின்போது நேராக இறக்கி, மேல்வாயை இறுக மூடி மெல்ல உருவ வேண்டும். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பாகவும், அதன் கீழே கரிய நிறத்தில் அழுகிய முட்டை நாற்றத்தோடும் இருக்கலாம். அந்தப் பழுப்புப் படலத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். அங்கு ஆக்சிஜன் உண்டு; துருப்பிடித்த இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும்; கழிவிலுள்ள நைட்ரஜனின் ஒரு வடிவமான அம்மோனியம், நைட்ரேட் என்ற இன்னொரு வடிவமாக மாறி, சற்றுக் கீழிறங்கி நைட்ரஜன் வாயுவாக வெளியேறும். மேல்நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் படலமும் மறையும். இரும்பு பிடி விட, பாஸ்பேட்டும் அம்மோனியமும் மேலெழும். நைட்ரஜன் வாயுவாகும் வழியும் அடைபடும்.

இது சாக்கடை கலந்த சேறு. கையுறையும் முழங்கால்வரை காலணியும் இல்லாமல், துணையில்லாமல் இறங்கவே கூடாது.

வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்தபின் அதே இடங்களில் மீண்டும் எடுங்கள். வெள்ளம் கரிய சேற்றை அரித்துக் கடலில் தள்ளியதா, புது வண்டலை அதன்மேல் படியவிட்டதா என்பது இரண்டு குழாய்களையும் அருகருகே நிறுத்தினால் கண்ணுக்கே தெரியும்.