மலை குன்றாமல் படம் எடுக்க: கோஸ்ட் ஆஃப் சுஷிமா ஃபோட்டோ மோட்

கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்ற சாமுராய் வீடியோ கேமை விளையாடும்போது மலை வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்துப் பார்த்தால் கரையான் புற்று அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும் வசதியான ஃபோட்டோ மோடை முதன்முதலில் தொடுகிற எல்லாருக்கும் இதுதான் நடக்கும். உடனே கலர் ஃபில்டரைத் தேடிப் போவார்கள். ஃபில்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லென்ஸும் கேமரா நிற்கிற இடமும் சரியில்லை, அவ்வளவுதான்.

பொத்தான்களைப் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை வைத்துச் சொல்கிறேன். கணினியில் கீபோர்டால் ஆடுகிறவர்கள் செட்டிங்ஸில் அதற்கான விசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற வழிமுறை ஒன்றுதான்.

1. உள்ளே போகும் முன்

டச்பேடை வலப்பக்கமாகத் தேய்த்து வாளை உறையில் போடுங்கள். அமைதியான புல்வெளியில் உருவிய வாளோடு ஜின் (நாம் ஆடும் சாமுராய்) நின்றால் படம் சண்டைக் காட்சியாகிவிடும்.

உடை நிறத்தையும் கவனியுங்கள். ஆட்டத்தின் தெற்குப் பகுதியான இசுஹாராவில் பொன்னிறக் கோயிலைச் சுற்றி ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே மஞ்சள், பழுப்பு உடை போட்டால் ஆள் இருப்பதே தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர் சிவப்பு எடுபடும். வடக்கே கமியகத்தாவின் பனியில் சிவப்பை அடிக்க ஆளில்லை. சாயம் ஏற்ற வியாபாரிக்குப் பூக்கள் கொடுக்க வேண்டும், எனவே வழியில் கண்ட பூவையெல்லாம் பறித்து வையுங்கள்.

2. ஃபோட்டோ மோட்

திசைப் பொத்தானில் வலது. நேரம், வானிலை, காற்று எல்லாம் உள்ளேயே மாற்றலாம். மறைந்திருந்து தாக்கும் பாணியில் அதிகம் ஆடுகிறவர்களுக்கு இந்த விளையாட்டு புயல் வானத்தையே அடிக்கடி காட்டும். அதனால் வெயிலுக்காகக் காத்திருக்காமல் இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

3. ஃபோகல் லெங்த்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

ஃபோகல் லெங்த் என்பது லென்ஸின் மி.மீ. எண்: குறைந்தால் காட்சி அகலும், கூடினால் ஜூம் ஆகும். மலை முழுவதும் வரட்டும் என்று 20, 24 மி.மீ.க்குப் போவதுதான் முதல் தப்பு. அகல லென்ஸ் அருகில் இருப்பதைப் பெருக்கிக் காட்டும், தொலைவில் இருப்பதைச் சுருக்கிவிடும். ஆள் பெரிதாக நிற்பார், மலை காணாமல் போகும்.

இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கேமராவை ஆளைவிட்டுப் பின்னால் இழுங்கள், போகிற வரைக்கும். பிறகு 85 மி.மீ., 100, 135 என்று ஏற்றுங்கள். ஆள் ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிடுவார், பின்னால் இருக்கும் மலையோ பல மடங்கு பெருத்துக்கொண்டு எழும். லென்ஸ் மந்திரம் ஒன்றுமில்லை. ஆளுக்கும் கேமராவுக்கும் இடையே தூரம் கூடியதால் ஆள் சிறுத்தார். மலை ஏற்கெனவே மைல் கணக்கில் தள்ளி இருப்பதால் அதற்கு இந்தப் பத்தடி ஒரு பொருட்டே இல்லை. ஜூம் இரண்டையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது.

இங்கேதான் முட்டுக்கட்டை. கேமரா ஜின்னை விட்டு ஓரளவுக்கு மேல் நகராது, கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வரும். அந்தத் தூரம் போதவில்லை என்றால் ஜின்னை மறந்துவிடுங்கள், குதிரையை மாடலாக்குங்கள். மலைக்கு முன்னால் குதிரையை நிறுத்தி இறங்கி, மலைக்கு எதிர்த்திசையில் 30, 40 தப்படி நடந்து வாருங்கள். விசில் அடித்துவிடாதீர்கள், ஓடி வந்துவிடும். இப்போது ஃபோட்டோ மோடைத் திறந்து, கேமராவை ஜின்னுக்கு முன்னால் கொண்டுபோய் 135 மி.மீ. வையுங்கள். ஜின் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுவார். புல்லுக்கு நடுவே தனிக்குதிரை, அதன் தலைக்கு மேல் சுவர் மாதிரி மலை. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெள்ளைக் குதிரையைத் தேர்ந்தவர்கள் வெண்கதிர்ப் புல்வெளியைத் தவிர்த்து, பச்சை அல்லது சிவப்பு நிலத்துக்குப் போங்கள்.

24 மி.மீ.க்கும் வேலை உண்டு. காலடியில் பூப்படுகையோ ஓடையோ இருந்தால் கேமராவைத் தரையோடு தரையாக இறக்கி அகலமாக எடுங்கள். முன்னால் ஒன்றும் இல்லாமல் அகல லென்ஸைத் தொடாதீர்கள்.

4. மங்கல்

லென்ஸை ஏற்றியதும் மலை கலங்கித் தெரியும். ஃபோகல் லெங்த் கூடக்கூட, ஃபோகஸ் ஆகும் பொருள் கிட்ட இருக்க இருக்க, பின்புலம் மங்கும். முகத்தை எடுக்க அது வேண்டும், நிலக்காட்சிக்கு விஷம். முதலில் ஃபோகஸ் தூரத்தை ஆள் அல்லது குதிரைக்கு வையுங்கள். அதன்பின் டெப்த் ஆஃப் ஃபீல்டு (எவ்வளவு ஆழம் வரை கூர்மையாகத் தெரியும் என்பது) ஸ்லைடரை நகர்த்தி, மலை முகட்டின் விளிம்பு கூர்மையாகிறதா என்று பாருங்கள். வரிசை மாறினால் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டே இருப்பீர்கள். லென்ஸை மறுபடி மாற்றினால் இந்த இரண்டையும் திரும்பவும் பார்க்க வேண்டும்.

5. வெளிச்சம்

நண்பகல் வேண்டாம். நேர ஸ்லைடரை மெதுவாகத் தள்ளி, நிழல்கள் நீளமாக விழும் இடத்தில் நிறுத்துங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் இருந்தால் மலையின் மடிப்புகள் தெரியும். எதிரே இருந்தால் புல்லின் கதிர்களும் மரத்து இலைகளும் உள்ளிருந்து விளக்கு ஏற்றியது போல ஒளிரும். இந்த விளையாட்டில் எதிர்வெளிச்சம்தான் என் கட்சி. காலையில் சூரியன் தவறான பக்கம் நின்றால் மாலைக்குத் தள்ளிப் பாருங்கள், பக்கம் மாறும். வானம் வெள்ளையடித்தது போல ஆனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, கொஞ்சம் குறையுங்கள். பின்னால் திருத்தும்போது இருட்டை ஓரளவு மீட்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

மலைக்குப் பின் மலையாக அடுக்கிக் காட்ட மூடுபனி அருமையான கருவி. தூரத்து அடுக்கு ஒவ்வொன்றும் ஒரு படி வெளிறும்.

6. காற்றும் இலைகளும்

ஃபோட்டோ மோடிலும் புல்லும் துணியும் அசைந்துகொண்டே இருக்கும். காற்றின் திசையை ஃப்ரேமின் குறுக்காக வையுங்கள், புல் ஒரே பக்கம் சாய்ந்து கண்ணை இழுத்துச் செல்லும். மேலங்கி பறந்து முகத்தை மறைத்தால் ஒரு நொடி பொறுத்து எடுங்கள்.

பறக்கும் இலை, மின்மினி போன்ற துகள்களில் கை வைக்கும்போதுதான் பலருக்கு ஆசை கட்டுக்கடங்காமல் போகிறது. ஜிங்கோ காட்டில் சிவப்பு மேப்பிள் இலை பறந்தால் பார்த்தவுடனே பொய் தெரிந்துவிடும். அளவு மிகக் குறைவாக, அந்த நிலத்தின் மர இலை மட்டும் போதும். வேறு வழியில்லாத வெற்று வானத்துக்கு மட்டும் பறவைகள்.

கேமரா நகரும் காட்சிக்கு 16 நிலைகள் வரை குறித்து வைக்கும் வசதியும் இங்கே உண்டு. அது வீடியோ சங்கதி, இங்கே வேண்டாம்.

7. சேமிப்பது

பிளேஸ்டேஷனில் ஸ்கிரீன்ஷாட் வடிவத்தை ஜேபெக்கிலிருந்து பி.என்.ஜி.க்கு மாற்றுங்கள். கணினியில் ஸ்டீம் வழியாக ஆடி எஃப்12 அழுத்திப் படம் எடுக்கிறவர்கள், சுருக்கப்படாத நகலையும் சேமிக்கும் விருப்பத்தை இயக்குங்கள். இல்லாவிட்டால் மூடுபனியிலும் மாலை வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

டி.வி.யில் ஜொலித்த படம் கைபேசியில் சாம்பல் பூத்துத் தெரிந்தால் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் முறை) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி எடுப்பதுதான் சுலபம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் நசுக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.