காற்று பார்க்கிற ஆப்புக்கு நீங்கள் தூங்கும் வீடு எதற்கு?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் பலருடைய போனில் காற்று, அலை பார்க்கிற ஆப் ஒன்று இருக்கும். இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆப்பைப் போனில் இறக்கும்போது அது கேட்கிற எல்லா அனுமதிக்கும் சரி சரி என்று அழுத்திவிட்டால், கரைக்கு வந்து வலையைக் காயப்போட்ட பிறகும் நீங்கள் எந்தக் கடைக்குப் போனீர்கள், ராத்திரி எந்த வீட்டில் தூங்கினீர்கள் என்பது வரை அந்த நிறுவனத்துக்குப் போய்க்கொண்டே இருக்கலாம், அங்கிருந்து விளம்பரக்காரர்களுக்கும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பெர்மிஷன் மேனேஜர், அதில் லொகேஷன். எந்நேரமும் அனுமதி உள்ள ஆப்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றுங்கள். ஆப்பைத் திறந்தால் காற்று நிலவரம் வழக்கம்போல வரும். படகு எங்கே நிற்கிறது என்று வீட்டில் பார்ப்பதற்காக வைத்திருக்கும் ஆப்பில் மட்டும் கைவைக்காதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

அப்புறம் அதே இடத்தில் கான்டாக்ட்ஸ், அதாவது போனில் சேமித்த நம்பர்கள், அதையும் பாருங்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கையில் காசிருக்காது, அவசரத்துக்குக் கடன் ஆப் இறக்கத் தோன்றும். கடன் ஆப்கள் போனிலுள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. மச்சான் நம்பரிலிருந்து சம்மாட்டி (படகு முதலாளி) நம்பர் வரை அள்ளிக்கொண்டு போய், தவணை தவறினால் அவர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குகிற கூட்டம் இருக்கிறது. கான்டாக்ட்ஸ் கேட்டாலே அந்த ஆப்பை அழித்துவிடுங்கள்.

ராமேஸ்வரத்தில் ரூம் போடும்போது ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.