வைரஸ் இருப்பதாகச் சொன்னது யார்?

சித்தப்பா ஒரு நாள் காலையில் போன் செய்தார். "கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம்டா. நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லுது. பணம் கட்டிடட்டுமா?"

யார் சொல்கிறது என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்தான்" என்றார்.

போய்ப் பார்த்தால், சொன்னது கம்ப்யூட்டர் இல்லை. சீரியல் பார்க்கிற ஏதோ ஒரு இலவசத் தளத்தில், அறிவிப்பு அனுப்ப அனுமதி தரும் 'அலோ' என்ற பட்டனை என்றைக்கோ அழுத்தியிருக்கிறார். அன்று முதல் அந்தத் தளம் க்ரோம் வழியாகத் திரையின் வலது கீழ் மூலையில் அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் ஒரு பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனியின் சின்னம். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த ஆன்டிவைரஸே கிடையாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த அறிவிப்பை உற்றுப் பார்த்தால் பிரவுசரின் பெயரும், ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்கைத் துழாவி வைரஸ் எண்ண முடியாது. பிரவுசர் அதற்கு விடாது. எனவே எண்ணிக்கையெல்லாம் கதை. க்ரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத தளங்களையெல்லாம் நீக்கினால் முடிந்தது. இதற்கென்று எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. முழுத்திரையும் சிவப்பாகி, ஸ்பீக்கரில் சைரன் அலறும். மைக்ரோசாஃப்ட் பெயரும் ஒரு போன் நம்பரும் வரும். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. எஸ்கேப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதற்றத்தில் அந்த நம்பருக்குப் போன் செய்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவர், தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் ஒரு மென்பொருளைப் போடச் சொல்வார். அப்புறம் விண்டோஸ் தன்னுள் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அதிலுள்ள சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "பாருங்க சார், எத்தனை எரர்" என்பார். நன்றாக ஓடும் எந்த விண்டோஸிலும் அந்தக் குறிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஏற்கெனவே அவரை உள்ளே விட்டுவிட்டீர்களா? உடனே நெட்டைத் துண்டியுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சரி, பொய் எச்சரிக்கைக்குப் பயந்து பணம் கட்டத் தயாராகிற அதே வீட்டில்தான் உண்மையான எச்சரிக்கையை எரிச்சலோடு மூடுவதையும் பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் கிராக், அதாவது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக இலவசமாக ஓட வைக்கும் ஃபைல். போட்டோஷாப், கோரல் டிரா, பிள்ளைகளின் கேம் என்று ஏதாவது ஒன்று. கூடவே வரும் குறிப்பில் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்றிருக்கும். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதை ஹேக்டூல் என்றோ ட்ரோஜன் என்றோ பிடிக்கும். "கிராக்குன்னா அப்படித்தான் காட்டும்" என்று நாமே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்வோம். சில சமயம் அது உண்மையாகவே வெறும் கிராக்காகவும் இருக்கலாம். ஆனால் எது வெறும் கிராக், எது உள்ளே வேறொன்றை மறைத்து வைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களின் போட்டோக்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட ஸ்டாப் என்ற ரான்சம்வேர் பரவியது முக்கியமாக இந்த வழியில்தான்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கிராக் போடும்போது ஒரு ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, 'இங்கே ஸ்கேன் செய்யாதே' என்று விலக்கு கொடுத்திருப்பார்கள். கிராக்கை நீக்கினாலும் அந்த விலக்கு அங்கேயே இருக்கும். டிஃபெண்டரும் பச்சை டிக் போட்டுக்கொண்டு, அந்த மூலையை மட்டும் பார்க்காமல் காவல் காக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்டு த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கிராக்குக்காகச் சேர்த்ததோ, நீங்கள் சேர்க்காததோ ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

ஆன்டிவைரஸும் தப்பு செய்யும், மறுக்கவில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, உலகமெங்கும் ஏராளமான கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. சந்தேகம் இருந்தால், பிடித்த ஃபைலை ஆன்டிவைரஸ் அடைத்துவைக்கும் குவாரன்டைனிலேயே விட்டுவையுங்கள். அங்கே அது யாரையும் கடிக்காது. டவுன்லோடு செய்த இன்ஸ்டாலர் என்றால், திறப்பதற்கு முன்பே வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். பல கம்பெனிகளின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும். ஆனால் ஆதார் நகல், வருமான வரிப் படிவம் போன்றவற்றை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றிய ஃபைல்கள் மற்ற ஆய்வாளர்கள் கைக்கும் போகும்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற நினைப்பு வேண்டாம். ஒன்றையொன்று சந்தேகப்பட்டு இரண்டும் மெஷினை இழுக்கும். லேப்டாப்போடு வந்த டிரையல் காலாவதியாகிக் கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பொதுவாக டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து.

அப்புறம், எந்த எச்சரிக்கையும் வராத வழிகள். பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் சொருகிப் பிரின்ட் எடுத்து வந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். இங்கே இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, 'திறக்கிறதா பார்ப்போம்' என்று கிளிக் செய்வது. ஃபோல்டர் திறக்கும்தான், கூடவே வைரஸும் ஓடும். இன்னொன்று, பயந்துபோய் ஃபார்மேட் அடிப்பது. உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அதே பென்டிரைவில் மறைந்துதான் கிடக்கும். ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டும்படி வைத்தால் தெரியும். பிரின்ட்டுக்கென்றே காலியான ஒரு பழைய பென்டிரைவை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இதைவிட மோசமானது 2024 முதல் பரவலாகியிருக்கும் போலி 'நான் ரோபோ இல்லை' பக்கம். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்திருக்கும். மூன்றாவது பட்டனில் அதை இயக்குவது நீங்களேதான். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, லாகின் நிலையைத் தாங்கும் குக்கிகளும் போய்விடும். குக்கி கையில் இருந்தால் பல தளங்களில் ஓடிபி கூடக் கேட்காது. இப்படி மாட்டியவர்கள் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றுவார்கள், புதியதும் போகும். வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யும் வசதியையும் பயன்படுத்துங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றி ஒரே ஓர் உதாரணம். வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் கொடுத்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. விண்டோஸ் 10-க்கு இப்படித் திருத்தம் தரும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கை எந்நேரமும் சொருகியே வைத்திருந்தால், ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். நகல் எடுத்ததும் கழற்றுங்கள்.

நீக்கிய வைரஸ் மறுபடி மறுபடி வந்தால், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும். சுமார் 15 நிமிடம் ஆகும். அதற்கும் அசையவில்லை என்றால் போட்டோ, ஆவணங்களை மட்டும் எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. பழைய இன்ஸ்டாலர்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் கூடவே எடுத்து வராதீர்கள். சித்தப்பா எடுத்து வந்தார், மறுபடி போட வேண்டியதாயிற்று.