சாத்துக்குடியில் மொட்டு ஒட்டுக் கட்டும் முறை

சாத்துக்குடியை விதையிலிருந்து வளர்த்தால் முள் மிகுந்து, காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், ரங்க்பூர் எலுமிச்சை நாற்றின் மீது மொட்டு ஒட்டுக் கட்டுவதே, அதாவது சாத்துக்குடி மொட்டை அதன் தண்டில் பொருத்தி வளர்ப்பதே, நல்லது. தண்டு பென்சில் பருமனை எட்டி, பட்டை எளிதில் உரியும் பருவத்தில், தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் பட்டையை மட்டும் கீற வேண்டும்.

மொட்டு எடுக்கும் சிறு கிளையான மொட்டுக் குச்சியைத் தேர்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தாய்மரத்திலுள்ள வைரஸ் நோய்கள் மொட்டின் வழியே கன்றுக்கும் வந்துவிடும். நன்றாகக் காய்க்கும் நோயற்ற மரத்தின் உருண்டையான குச்சியில் இலைகளை நறுக்கி, காம்பை மட்டும் விட்டு, காம்பின் அடியிலுள்ள மொட்டைச் சுமார் 2.5 செ.மீ. நீளத்திற்குக் கேடய வடிவில் சீவி, வெட்டிய பரப்பில் விரல் படாமல், அது உலரும் முன்பே கீறலுக்குள் மேலிருந்து செருக வேண்டும். மொட்டு தலைகீழாகிவிடக் கூடாது. பின்னர், மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றவும்.

மூன்று வாரங்களில், தொட்டதும் காம்பு உதிர்ந்து மொட்டு பசுமையாக இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அறியலாம். காம்பு கருகி ஒட்டிக்கொண்டிருந்தால், தண்டின் மறுபக்கத்தில் மீண்டும் கட்டலாம். பிடித்த பின் நாடாவை அவிழ்த்து, மொட்டுக்கு மேலே நாற்றை வெட்டி, கீழே கிளம்பும் தளிர்களைத் தவறாமல் கிள்ள வேண்டும். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் அழுகல் நோய் எளிதில் தாக்கும்.