தேர்வாணையப் பதவிக்குத் தயங்குபவரிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநில அரசுப் பணியாளர் தேர்வாணைய உறுப்பினர் பதவிக்கு மிகவும் பொருத்தமானவர்களே பெரும்பாலும் அதை வேண்டாம் என்கிறார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்க அனுப்பப்படும் இளம் அதிகாரிகள், எங்கள் தலைமுறையினர் செய்த பிழைகளையே அச்சு மாறாமல் செய்வதைப் பணி ஓய்வுக்குப் பிறகும் பார்க்கிறேன். நேரந்தவறிச் செல்வது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதவிக்காலத்தைக் கூட்டிச் சொல்லுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 316ஆம் பிரிவின்படி, மாநிலத் தேர்வாணைய உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் அல்லது 62 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே. அடையாறில் 59 வயதுப் பேராசிரியர் ஒருவரிடம், "முழுதாக ஆறு ஆண்டுகள் ஐயா" என்று ஓர் அதிகாரி உற்சாகமாகத் தொடங்கியபோது நானும் உடனிருந்தேன். பேராசிரியர் எழுந்து சென்று அலமாரியிலிருந்து சட்டநூலை எடுத்து வந்து, காபி டம்ளரை நகர்த்திவிட்டு அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, "எனக்கு மூன்று ஆண்டுதானே தம்பி வருகிறது?" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதன்பின் அரசு வேறு நல்ல பதவி தராமலா போய்விடும்?" என்றார் அதிகாரி. பேராசிரியர் பேசாமல் 319ஆம் பிரிவைக் காட்டினார். உறுப்பினர் பதவியை முடித்தவர் மத்தியத் தேர்வாணையத்தின் தலைவராகவோ உறுப்பினராகவோ, ஏதேனும் ஒரு மாநிலத் தேர்வாணையத்தின் தலைவராகவோ ஆகலாமே தவிர, மத்திய, மாநில அரசுகளின் கீழ் வேறெந்த வேலையையும் ஏற்க முடியாது. (ஆளுநர் பதவி இந்தத் தடைக்குள் வராது என்று 1979இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான்; அதை நம்பி யாரும் சம்மதிக்கப் போவதில்லை.) அவர் மறுத்ததோடு, நண்பர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டதால், அந்த வட்டாரத்தில் வேறு யாரும் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாளைய பதவியை எண்ணி இன்று யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியதில்லை என்பதே அந்தத் தடையின் பயன். முதல் சந்திப்பிலேயே இதை ஒளிக்காமல் சொன்னால், நேர்மையானவர்களுக்கு அதுவே ஈர்ப்பாக அமையும்.

"ஆட்சி மாறினால்?" என்ற கேள்வியைச் சிரித்து ஒதுக்குதல்

உறுப்பினரைப் பதவிநீக்கம் செய்யும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உண்டு என்பதையும், தவறான நடத்தை என்று குற்றஞ்சாட்டினால் உச்ச நீதிமன்றம் விசாரித்தாக வேண்டும் என்பதையும், பணி நிபந்தனைகளை நியமனத்துக்குப் பின் அவருக்குப் பாதகமாக மாற்ற இயலாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டாரிடம் தூது விடுதல்

வேண்டாம்.

கட்சிக்காரரை உடன் அழைத்துச் செல்லுதல்

பேச்சு வாசலோடு முடிந்துவிடும்.

சம்மதம் கிடைத்ததும் கோப்பை விரட்டுதல்

மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில், பரிசீலனைக் குறிப்புகூட இல்லாமல் கோப்பை மேலே அனுப்புகிறார்கள். 2016ஆம் ஆண்டு டிசம்பரில், தமிழ்நாடு தேர்வாணையத்தின் 11 உறுப்பினர்களின் நியமனத்தை, தெரிவு முறை சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயங்கும் மனிதர் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருப்பார். ஆகவே, யார் யாருடைய பெயர்கள் ஆராயப்பட்டன, அவருடைய பெயர் எக்காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதெல்லாம் கோப்பில் எழுத்தில் பதிவாகியிருப்பதை அவரிடம் சொல்ல முடிகிற நிலையில்தான் சம்மதக் கடிதம் கேட்க வேண்டும்.